பேர் விழாத வேலை

(றொசல்லயில் தோட்டத்து முதியோரும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

முதியோரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி எங்களை அழைத்திருக்கிறீர்கள். முதியோரைப் பற்றிப் புத்தி சொல்வது லேசான வேலை. "தாய் தகப்பனைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு நாங்கள் உட்கார்ந்து விடலாம். நீங்களும் கை தட்டிவிட்டு லயத்துக்குப் போய்விடலாம். அதனால் ஒருவருக்கும் ஒரு வாய்க் கஞ்சி கிடைக்கப் போவதில்லை. ஆகவே இன்றைக்குப் புத்தி சொல்லாமல், ஒரு வேலைக்காரப் பெண்ணின் வரலாற்றைச் சொல்லப் போகிறோம். அவர் தொடங்கிய கன்னியர் சபை இன்றைக்கு உலகத்தில் சுமார் 30 நாடுகளில் ஏழை முதியோரைப் பார்த்து வருகிறது. நம்ம கொழும்பிலும் 1888ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது.

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, தாய் தகப்பன் வைத்த பேர். மற்றது, செக்ரோலில் விழுகிற பேர். காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று கொழுந்து எடுத்தாலும், நிறை குறைந்தால் அரைப்பேர்தான். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது நமக்குப் பழக்கம். நாங்கள் சொல்லப் போகிற அந்த அம்மா நாற்பது வருஷம் ஒரே வேலையில் இருந்தவர். அதில் பெரும் பகுதிக்கு அவருக்குப் பேர் விழவில்லை. அப்படியிருந்தும் வேலை நிற்கவில்லை. அது எப்படி என்பதுதான் நாம் இன்றைக்குப் பார்க்க வேண்டியது.

குசினி வேலைக்குப் போன பிள்ளை

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கில் பிரிட்டனி என்று ஒரு பகுதி. அங்கே கான்கால் என்பது ஒரு மீன்பிடி ஊர். அந்த ஊரில் 1792 ஒக்டோபர் 25ஆம் தேதி ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஜீன் ஜுகன் என்று பேர் வைத்தார்கள். தகப்பன் மீன்பிடிகாரர். பிள்ளைக்கு நாலு வயசு நிறையும் முன்பே கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

அது பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம். கன்னியர் மடங்கள் மூடப்பட்டுக் கிடந்தன. கடலில் ஆண்கள் சாவது சகஜமாகையால் எந்த ஊரிலும் விதவைகளுக்குக் குறைச்சலில்லை. கிழடு தட்டினால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

பதினாறு வயசில் ஜீன் ஒரு பெரிய வீட்டுக்குக் குசினி வேலைக்குப் போனார். இதை நாங்கள் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. துரை பங்களாவுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய ஊர் நம்ம ஊர். தாய் மடியை விட்டுப் போகிற பிள்ளை எப்படித் திரும்பிப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கப்பற்காரர் அவரைப் பெண் கேட்டு வந்தார். ஜீன் வேண்டாம் என்றார். தனக்கு வேறு ஏதோ ஒரு வேலை இருக்கிறது, அது இன்னதென்று இன்னும் தெரியவில்லை என்பது அவருடைய எண்ணம்.

இருபத்தைந்து வயசில் பக்கத்து ஊரான செயின்ட் செர்வானுக்குப் போனார். அங்கே ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நோயாளிகளைப் பார்த்தார். உடம்பு தளர்ந்ததும் மறுபடி வீட்டு வேலை. ஒரு வயசான அம்மாவுக்குத் துணையாகப் பன்னிரண்டு வருஷம். அந்த அம்மா 1835ஆம் ஆண்டு காலமான பிறகு ஜீன் நாட்கூலிக்குப் போனார். துணி வெளுத்தார், வீடு துடைத்தார், நூல் நூற்றார். பிரான்சுவாஸ் என்ற ஒரு முதியவளோடு சேர்ந்து ஒரு சின்ன வீட்டின் மேல்பாகத்தை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். விர்ஜினி என்ற பதினேழு வயசு அநாதைப் பிள்ளையும் அவர்களோடு வந்து சேர்ந்தது. மூன்று பேரும் கிடைத்ததைப் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டு அறையும் கூரைக்கடியில் ஒரு பரணும், அவ்வளவுதான் இருப்பிடம். நம்ம லயக் காம்பராவை விடக் கொஞ்சம் பெரிசாக இருந்திருக்கலாம்.

கட்டிலைக் கொடுத்தார், பரணுக்குப் போனார்

1839ஆம் ஆண்டு மாரிக்காலம். குளிர் கடுமை. அந்த ஊரில் ஆன் ஷோவன் என்று ஒரு கிழவி. கண் தெரியாது. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அதுவரை பார்த்து வந்த ஆளும் இல்லாமல் போய், கிழவி தனியாகிவிட்டாள். ஜீனுக்கு அப்போது நாற்பத்தேழு வயசு. கையில் பணம் கிடையாது. யாரிடமும் போய் மனுக் கொடுத்துக்கொண்டு நிற்கவில்லை. கிழவியைத் தூக்கிச் சுமந்து படியேறித் தன் வீட்டுக்குக் கொண்டு வந்தார். தன் கட்டிலில் படுக்க வைத்தார். தான் பரணுக்குப் போய்ப் படுத்தார்.

அன்றைக்குத்தான் அந்தச் சபை தொடங்கியது. திறப்பு விழாவும் இல்லை, நாடா வெட்டியவரும் இல்லை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம்ம லயங்களில் வயசானவருக்கு எந்த இடம்? பெரும்பாலும் இஸ்தோப்பு. மகனுக்குக் கலியாணம் ஆனதும் தகப்பனும் தாயும் காம்பராவை விட்டு இஸ்தோப்புக்கு வருகிறார்கள். ஒரு படங்கை மறைப்பாகக் கட்டிக்கொண்டு, பனிக்காற்றில் ஒரு கம்பளிக்குள் சுருண்டு படுக்கிறார்கள். பிள்ளைகள் மேல் பழி போட நாங்கள் வரவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர், ஏழு பேர் குடியிருந்தால் கட்டிலை எங்கே போடுவது? வெள்ளைக்காரன் காலத்தில் லயம் கட்டியவன் கூலி ஆளுக்குத்தான் இடம் கட்டினான். கூலி ஆளுக்கு வயசாகும் என்று அவன் கணக்கில் எழுதவில்லை. குறை அங்கே தொடங்கியது. ஆனாலும் ஜீன் வீட்டிலும் இடம் இருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இடம் இருந்ததனால் அவர் கிழவியைக் கொண்டு வரவில்லை. கொண்டு வந்த பிறகுதான் இடம் பண்ணினார்.

ஒருத்திக்குப் பிறகு இன்னொருத்தி வந்தாள். அவளும் ஒரு பழைய வேலைக்காரிதான். எசமான் வீடு நொடிந்து போன பிறகும் சம்பளமில்லாமல் அவர்களுக்கு உழைத்து, தன் சேமிப்பையும் அவர்களுக்கே செலவழித்து, கடைசியில் அவர்களுக்காகப் பிச்சையும் எடுத்தவள். அவர்கள் போன பிறகு அவளுக்கு ஆளில்லை. உழைத்து ஓய்ந்த வேலைக்காரிக்கு இன்னொரு வேலைக்காரிதான் கதவைத் திறந்தாள்.

1841இல் பன்னிரண்டு முதியோர் தங்கும்படி ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அடுத்த வருஷமே, பாழாய்க் கிடந்த ஒரு பழைய மடத்துக் கட்டடத்தை வாங்கினார்கள். நாற்பது பேருக்கு இடம் கிடைத்தது. பிறகு ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஈரம் ஊறிய ஒரு பொந்துக்குள் அழுக்குச் சாக்கோடு கிடந்த பழைய கப்பற்காரர் ஒருவரை ஜீன் கொண்டு வந்து குளிப்பாட்டிச் சோறு போட்டார். கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனின் மகள் அல்லவா!

கூடை

இத்தனை பேருக்குச் சாப்பாடு எப்படி? அந்தக் கிழவிகள் முன்னர் ஒவ்வொருவரும் தெருத்தெருவாய்ப் பிச்சை எடுத்தவர்கள். "இனி நீங்கள் போக வேண்டாம், நீங்கள் போகும் வீடுகளைச் சொல்லுங்கள், உங்களுக்குப் பதில் நான் போகிறேன்" என்ற முறையில் ஜீன் கூடையை எடுத்துக்கொண்டார். முதியோரின் மானத்தைக் காப்பாற்றத் தன் மானத்தைக் கூடையில் வைத்தார் என்று சொல்லலாம். காசுதான் வேண்டும் என்று கேட்கவில்லை. மிஞ்சிய ரொட்டி, பழைய துணி, விறகு, உப்பு, எது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டார்.

சபையில் வழிவழியாகச் சொல்லுகிற ஒரு கதை உண்டு. ஒரு பணக்காரர் கோபத்தில் ஜீனைக் கன்னத்தில் அடித்துவிட்டாராம். ஜீன் அசையாமல், "இது எனக்குத் தந்தது. இனி என் ஏழைகளுக்கு ஏதாவது தாருங்கள்" என்றாராம். அந்த மனுசன் வெட்கப்பட்டுக் கொடுத்தாராம்.

கூடை ஒரு பக்கம் இருக்க, வீட்டுக்குள் இன்னொரு காரியமும் நடந்தது. வந்த முதியோரை அவர் சும்மா உட்கார வைக்கவில்லை. கை ஓடுகிறவர்கள் கம்பளி நூற்றார்கள், தைத்தார்கள், பழகிய தொழிலை முடிந்த மட்டும் செய்தார்கள். வயசானவரை மூலையில் வைத்துச் சோறு மட்டும் போட்டால் அவர் வேண்டாத சாமானைப் போலத் தன்னை நினைத்துக்கொள்வார். நம்ம வீட்டிலும் பாருங்கள். பாட்டியைப் பேரப்பிள்ளைக்குத் தலை வாரச் சொன்னாலே போதும், முகம் மலர்ந்துவிடும்.

வெட்டப்பட்ட பேர்

இனி வருத்தமான பாகம். அந்த ஊரில் லெ பையர் என்று ஓர் இளம் சுவாமியார் இருந்தார். ஜீனுடன் சேர்ந்த பெண்களுக்கு ஆரம்பத்தில் வழிகாட்டியாக வந்தார். 1843 டிசம்பரில் பெண்கள் கூடி ஜீனைத் தலைவியாக மறுபடி தெரிவு செய்தார்கள். சுமார் இரண்டு கிழமையில் லெ பையர் அந்தத் தெரிவைத் தள்ளிவிட்டு, மரி ஜாமே என்ற இளம் பெண்ணைத் தலைவியாக்கினார். ஜீனைப் பழையபடி கூடை எடுத்துப் போகச் சொன்னார். ஜீன் போனார்.

அவர் கூடை எடுத்துப் போன ஊர்களில் எல்லாம் புது வீடுகள் எழும்பின. 1845 டிசம்பரில் பிரெஞ்சு அக்கடமி அவருக்கு மொந்தியோன் பரிசைக் கொடுத்தது. நற்செயல் புரிந்த ஏழை ஒருவருக்கு வருஷந்தோறும் கொடுக்கிற பரிசு அது. 3,000 பிராங்க் பணம். செயின்ட் செர்வான் ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் பேரிலேதான் பரிசு கிடைத்தது. பரிசளிப்பில் ஜீனைப் புகழ்ந்து பேசிய பேச்சு அச்சாகி வெளிவந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

1852ஆம் ஆண்டு லெ பையர் ஜீனைத் தலைமை மடத்துக்கு அழைத்துக்கொண்டார். இனி வெளியில் போகக் கூடாது, கொடை தருகிறவர்களோடு பேசக் கூடாது. அப்போது அவருக்கு அறுபது வயசை எட்டுகிறது. அதற்குப் பிறகு 27 வருஷம், புதிதாகச் சேரும் பெண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சாதாரணக் கிழவியாக இருந்தார். சபையைத் தொடங்கியவர் லெ பையர் சுவாமியார்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஊன்றுகோலோடு நடந்து போகிற கிழவி யாரென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜீனும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் வாய் திறந்தார். 1865ஆம் ஆண்டு சபைக்கு நிலையான வருமானம் தரக்கூடிய சொத்து வந்தது. ஏற்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் கூடியபோது ஜீனையும் கேட்டார்கள். வேண்டாம் என்றார். வட்டிப் பணம் மாசாமாசம் வந்தால் கூடைக்கு வேலையிருக்காது. கூடை போகாவிட்டால் ஊருக்கும் முதியோருக்கும் உள்ள தொடர்பு அறுந்து போகும். ஒவ்வொரு நாளும் ஊரை நம்பியே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் சொன்னபடியே சபை அந்த வருமானத்தை வேண்டாம் என்றது. சபையின் அருட்சகோதரிகள் இன்றைக்கும் கடைத்தெருவுக்குப் போய்க் கேட்டு வாங்கி வருகிற வழக்கம் அப்படித்தான் நிலைத்தது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மற்றச் சபையார் கொடுக்கிற மூன்று வாக்குகளோடு, விருந்தோம்பல் என்ற நாலாவது வாக்கையும் இவர்கள் கொடுக்கிறார்கள். வந்த முதியவரை விருந்தாளியாகப் பார்ப்பது என்பது அதன் அர்த்தம். விருந்தோம்பல் நமக்குப் புதிசில்லை. வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடி வைத்திருக்கிறார்.

1879 ஓகஸ்ட் 29ஆம் தேதி ஜீன் ஜுகன் இறந்தார். வயசு 86. அன்றைக்குச் சபையில் சுமார் 2,400 சகோதரிகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களில் முதல் ஆள் இறந்துவிட்டார் என்பது தெரியாது.

உண்மை வெளிவந்தது 1890இல். ரோமாபுரியிலிருந்து விசாரணை நடத்தி, லெ பையரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தலைவியாக வைக்கப்பட்ட மரி ஜாமேயும், தான் முதல் ஆள் அல்ல, ஜீன்தான் முதல் என்று தன் கடைசிக் காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் வாய்வார்த்தை மட்டும் இருந்திருந்தால் சந்தேகப்பட ஆட்கள் இருந்திருப்பார்கள். 1845இல் ஊரார் எழுதிய விண்ணப்பமும் அச்சான அந்தப் பேச்சும் இருந்தனவே! எழுத்தில் விழுந்த பேரை யாராலும் அழிக்க முடியவில்லை. 1982இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஜீனை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2009 ஒக்டோபர் 11ஆம் தேதி பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் புனிதராக உயர்த்தினார். அந்த வேலைக்காரிக்கு முழுப்பேர் விழுந்தது, செத்து 130 வருஷத்துக்குப் பிறகு.

ரயில் வந்தது, சகோதரிகளும் வந்தார்கள்

நம்ம றொசல்லயைத் தாண்டி ஹட்டனுக்கு ரயில் பாதை போட்டு முடிந்தது 1884இல். கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம். பெட்டி பெட்டியாகத் தேயிலை கொழும்புக்கு இறங்கியது. பட்டணம் பெருத்தது. துறைமுகத்திலும் கடைகளிலும் பங்களாக்களிலும் வேலை செய்து ஓய்ந்தவர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது கொழும்புப் பேராயராக இருந்தவர் கிறிஸ்தோபர் பொஞ்சீன் ஆண்டகை. அவருடைய அழைப்பின் பேரில் 1888இல் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையார் கொழும்புக்கு வந்தார்கள். அதற்கு ஆறு வருஷம் முன்னர், 1882இல், இந்தியாவில் கல்கத்தாவுக்கு வந்திருந்தார்கள். கொழும்பில் மருதானைப் பக்கத்தில் அவர்களுடைய முதியோர் இல்லம் இருக்கிறது. எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பார்த்துக் கதவு திறக்கும் வழக்கம் அந்தச் சபைக்கு இல்லை. ஏழை, வயசானவர் என்ற இரண்டும் போதும்.

நாங்கள் இதைச் சொல்வது, நம்ம கிழவன் கிழவிகளைக் கொழும்புக்கு அனுப்பி வைக்கச் சொல்வதற்காக அல்ல. தேயிலைக்கும் மலைக்கும் பழகிய உசிர் வேறு ஊரில் தரிக்காது. ஒரு நல்ல இல்லம் இருக்கிறது என்பதனால் ஒவ்வொரு வீடும் தன் கடமையை முடிந்ததாக நினைக்கவும் கூடாது. நம்மில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதிகம், மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அந்த வேலைக்கார அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று கூடை. மற்றது பேர்.

நம்ம லயத்துக் கூடை

நம்ம சனத்திடம் பிடியரிசி என்ற பழைய வழக்கம் ஒன்று உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. கோயில் திருவிழாவுக்கும் அன்னதானத்துக்கும் அப்படிச் சேர்த்திருக்கிறோம். ஒரு லயத்தில் பத்துக் குடும்பம் என்று வையுங்கள். நாளைக்குப் பத்துப் பிடி. ஆளில்லாத ஒரு முதியவருக்கு அது மூன்று வேளைக் கஞ்சிக்குத் தாராளம். யாரும் ஏழையாகிவிட மாட்டோம்.

அரிசியோடு ஆளும் போக வேண்டும். மாதர் சங்கத்துப் பெண்களும் வாலிபர்களும் முறை வைத்துக்கொண்டு, கிழமைக்கு ஒரு தடவை அந்த அந்த லயத்து முதியவரைப் போய்ப் பார்க்கலாம். என்ன பார்க்க வேண்டும்? கண் தெரிகிறதா, படலம் விழுந்திருக்கிறதா? அப்படியானால் அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "வயசாச்சு, கண்ணு போச்சு" என்று விட்டுவிடக் கூடாது. படலத்தினால் மங்கிய கண் சத்திரசிகிச்சையில் தெளியும். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா? மருந்து அட்டை வீட்டில் கிடந்து பூச்சி அரிக்கிறதா? இஸ்தோப்பில் காற்று அடிக்கிற பக்கத்துக்கு ஒரு தகரம் அடித்துக் கொடுக்க முடியுமா? இவ்வளவுதான். இதற்குத் துரையின் உத்தரவும் வேண்டாம், தலைவரின் கடிதமும் வேண்டாம்.

எழுத்தில் பேர்

இரண்டாவது காரியம் பேர். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நம்ம பழைய ஆட்களுக்கு மூன்று நாலு பேர் இருக்கும். பிறப்புச் சான்றில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், ஊரில் கூப்பிடுவது ஒரு பேர். காமாட்சி செக்ரோலில் காமாயி ஆகியிருப்பாள். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதினார். வேலை செய்யும் காலத்தில் இது ஒன்றும் தெரியாது. ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான், "இந்தக் காமாயியும் அந்தக் காமாட்சியும் ஒரே ஆள் என்று நிரூபி" என்பார்கள். அறுபது வயசில் முழங்கால் வலியோடு பஸ் ஏறி இறங்கி அலைய வேண்டும்.

சேமலாப நிதிச் சட்டம் வந்தது 1958இல். தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்காகக் குறைந்தது நூற்றுக்கு 12 அதில் சேர வேண்டும். பெண்கள் 50 வயசிலும் ஆண்கள் 55 வயசிலும் வேலையை விட்டு நின்றதும் எடுக்கலாம். 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதியும் வந்தது. அதற்குத் தோட்டம் மட்டும் நூற்றுக்கு 3 கட்டுகிறது. 1983இன் சட்டப்படி சேவைக்காலப் பணமும் உண்டு. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. உங்கள் வேர்வை.

நம்ம தாய்மாருக்கு இதில் இன்னொரு நட்டமும் உண்டு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று வந்தது 1984இல்தான். அதற்கு முன்னர் கொழுந்தெடுத்த பெண்ணுக்குக் குறைந்த சம்பளம், அதற்கேற்பக் குறைந்த சேமலாப நிதி. பல வீடுகளில் அந்தச் சம்பளத்தையும் புருசனே போய் வாங்கினார். வேலை அவளுடையது, கை அவருடையது. அப்படி உழைத்த தாய்மார்தான் இன்றைக்கு இஸ்தோப்பில் இருக்கிறவர்கள். அவர்களுக்கு வர வேண்டிய காசில் ஓர் எழுத்துப் பிழையினால் ஒரு ரூபாயும் விட்டுப்போகக் கூடாது.

நாட்டுரிமையும் அப்படித்தான். 1948இல் ஒரு சட்டத்தினால் நம்ம சனத்தின் பேர் நாட்டின் கணக்கிலிருந்தே வெட்டப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பத்திரமில்லாமல் காலம் கழித்த முதியோர் நம்மிடையே இருந்தார்கள். பேர் வெட்டப்படுவது என்றால் என்ன என்று வேறு யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆகவே படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து முதலில் நம்ம பாட்டி தாத்தாவுக்கு உதவட்டும். வேலையில் இருக்கிற தாய் தகப்பனின் அடையாள அட்டையையும், பிறப்புச் சான்றையும், சம்பளச் சீட்டையும், சேமலாப நிதி இலக்கத்தையும் ஒரு நாள் இராத்திரி விளக்கடியில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பேர் ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால், வேலையில் இருக்கும்போதே தோட்டக் காரியாலயத்திலும் ஹட்டன் தொழில் காரியாலயத்திலும் கேட்டுத் திருத்துங்கள். தனக்கு ஏதும் ஆனால் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் படிவமும் நிரப்பியிருக்க வேண்டும். அறுபது வயசு ஆனவர்களுக்குப் பிரதேச செயலகம் மூலம் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். ஆஸ்பத்திரியிலும் காரியாலயத்திலும் முன்னுரிமைக்கு அது உதவும். பிள்ளைகள் கைவிட்ட முதியவர் பராமரிப்புக் கேட்கவும் 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டத்தில் வழியிருக்கிறது. அந்த வழிக்குப் போக வேண்டிய நிலைமை நம்ம றொசல்லயில் ஒருவருக்கும் வரக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசை.

சகோதர சகோதரிகளே! ஜீன் ஜுகன் தன் பேருக்காக வாதாடவில்லை. அது அவருடைய பெரிய மனசு. ஆனால் தான் கொண்டு வந்து சேர்த்த முதியோருக்காக ஊரெல்லாம் வாதாடினார். அவர்களில் ஒருவரும் பேரில்லாமல், இடமில்லாமல் போக அவர் விடவில்லை. தனக்கு வருகிறதைப் பொறுத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை நாம் படித்துக்கொண்டால் போதும்.

இந்தக் கூட்டத்துக்கு வர முடியாமல் படுத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு லயத்திலும் அப்படிப்பட்டவர்களின் பேரை எழுதி, மாதர் சங்கத்தாரிடம் இந்த மாசத்துக்குள் கொடுங்கள். முழுப் பேராக, அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். மிச்ச வேலையைச் சேர்ந்து செய்வோம்.